ஆலங்கட்டியும் உப்பு ஒத்தடமும்

என் வலது கணுக்கால் பிசகியது பாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில், ஒரு சித்திரை மாதப் பிற்பகலில். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கும்பகோணத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் கணவருக்கு சர்க்கார் ஆபீஸில் உத்தியோகம். காலையில் சாப்பிட்டுவிட்டு பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். பகல் முழுவதும் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். மாமியார் சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். ஆசாரம் அதிகம். மடியாக இருக்கும் நேரத்தில் என் புடவை நுனிகூடத் தம்மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி நடப்பார்.

அன்று மெத்தைகளை மாடியில் வெயிலுக்குப் போட்டிருந்தேன். அந்த ஊரில் சித்திரை, வைகாசி மாதங்களில் பிற்பகல் சாயும் நேரத்துக்கு வடமேற்கிலிருந்து திடீரென்று ஒரு புயற்காற்று கிளம்பும். கால்பைசாக்கி என்பார்கள். வானத்தின் ஒரு மூலை கறுத்ததைப் பார்த்தவுடன் மாடிக்கு ஓடினேன். ஒரு மெத்தையின் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதி தூரம் வந்திருப்பேன். தோளில் சுள்ளென்று ஏதோ அடித்தது. யாரோ கல்லை எறிகிறார்கள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தளம் முழுவதும் வெள்ளை வெள்ளையாக எதுவோ விழுந்து குதித்துக்கொண்டிருந்தது.

ஆலங்கட்டி மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். புளியங்கொட்டை அளவில் சில, கொட்டைப்பாக்கு அளவில் சில. மெத்தையை மறந்துவிட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசையோடு குனிந்தேன். கால் வழுக்கிவிட்டது. பாதம் உள்பக்கமாக மடங்க, உடம்பின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்கியது. உள்ளே ஏதோ 'டக்' என்றது என் காதுக்கே கேட்டது.

நான் போட்ட கூச்சல் மழைச் சத்தத்தையும் மீறியிருக்க வேண்டும். எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சொந்தக்காரர் கட்டிய இரட்டை வீடுகள். இரண்டு மொட்டைமாடிகளுக்கும் நடுவில் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும் ஒரு சுவர். அந்தச் சுவரைத் தாண்டி ஒரு பெண் வந்தாள். தலைக்குமேல் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். அதில் ஆலங்கட்டிகள் பட்டுக் கணீர் கணீரென்று சத்தம் எழுந்தது.

அவளை எனக்கு முகத்தளவில் தெரியும். முப்பத்தைந்து வயதிருக்கும். பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். கணவன் இல்லை என்றும், அப்படியிருந்தும் கரை போட்ட புடவையும் பூட்ஸுமாக வேலைக்குப் போகிறாள் என்றும் மாமியார் ஒருமுறை சொல்லியிருந்தார். அதனாலேயே நாங்கள் அந்த வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கணுக்காலைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே தொடங்கி, எலும்பின்மேல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டே கீழே வந்தாள். ஒவ்வொரு இடத்திலும் என் முகத்தைப் பார்த்தாள். கணுவின் இரண்டு பக்க முண்டுகளையும் பின்னாலிருந்து அழுத்தினாள். வலித்தது, ஆனால் அலறும்படி இல்லை. வெளிக்கணுவுக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் அதற்குள் எழும்பியிருந்தது. அங்கே விரல் பட்டதும்தான் துடித்துப் போனேன்.

"ஹாட் டிக் ஆச்சே" என்றாள். அப்போது எனக்கு வங்காளம் அரைகுறை. எலும்பு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு அவள் செய்ததை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். தாம்பாளத்தை நிமிர்த்தி, சுற்றிலும் கிடந்த ஆலங்கட்டிகளை இரண்டு கையாலும் வாரி அதில் போட்டாள். என் ஈரமான புடவைத் தலைப்பை விரித்து அவற்றைக் கொட்டி, மூட்டையாக முறுக்கி, கணுக்காலைச் சுற்றி அழுத்திப் பிடித்தாள். வானம் இன்னும் எங்கள் தலைமேல் கொட்டிக்கொண்டிருந்தது. மெத்தையின் ஒரு பாதியை எனக்குக் கூரைபோல் மடித்துவிட்டாள். அவள் நனைந்தாள்.

முதலில் குளிர் பட்டது. பிறகு அது சுட்டது. குளிர்ச்சி சுடும் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. "எரியறது, எரியறது" என்று தமிழிலேயே கத்தினேன். அவளுக்கு எப்படியோ புரிந்தது. தலையை ஆட்டினாள், கையை எடுக்கவில்லை. எரிச்சல் ஒரு ஆழமான குடைச்சலாக மாறியது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுமே இல்லை. என் கால் அங்கேதான் இருந்தது, அதில் வலி இல்லை. சற்று முன்னால் உயிர் போகும்படி வலித்த இடம் அது. நான் அழுகையை நிறுத்திவிட்டு அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் குளிரில் நீலமாகிப் போயிருந்தன.

மழை விட்டதும் என்னை முதுகில் சுமந்துகொண்டு கீழே இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்ததை உணர்ந்தேன். என் பாரத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் படிக்கட்டின் அடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

"என்னடி ஆச்சு? பகவானே! ஐயோ, காலெல்லாம் ஐஸா இருக்கே! ஜன்னி கண்டுடுமே! எண்ணெயைக் காய்ச்சி உருவி விட்டாச் சரியாப் போயிடும்."

எண்ணெய் என்பதை நர்ஸ் கையசைவிலேயே புரிந்துகொண்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். துணி வேண்டும் என்று சைகை காட்டினாள். அந்நியத் துணியைத் தெருவில் கொளுத்திக்கொண்டிருந்த காலம் அது. அவள் வீட்டிலிருந்த ஃபிளானல் பட்டிகளை அண்ணன் தீயில் போட்டுவிட்டான் என்று பிற்பாடு தெரிந்தது. மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். உள்ளே போய்த் தம்முடைய பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, கை படாமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார். துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆகியிருந்த துணி. அதை நீளவாக்கில் நாலு விரல் அகலத்துக்குக் கிழிக்க ஆரம்பித்தாள் நர்ஸ். கிழித்துக்கொண்டே போனாள், துணி முடிகிற வழியாக இல்லை. ஒன்பது கஜம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கூடத்தின் கோடிக்குப் போய் நின்றுகொண்டு சிரித்துவிட்டாள். மாமியாருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

கட்டு கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்கியது. பாதத்தைச் சுற்றி, கணுவைக் குறுக்கே தாண்டி, குதிகாலைப் பிடித்து, மறுபடி குறுக்கே. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மூடியது. கீழே இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. முடித்தபின் என் பெருவிரல் நகத்தை அழுத்திப் பிடித்துவிட்டாள். வெளுத்த நகம் சட்டென்று சிவந்ததும் திருப்தியாகத் தலையசைத்தாள். காலை இரண்டு தலையணைகளின்மேல் தூக்கி வைத்துவிட்டு, வந்த வழியிலேயே மாடிக்குப் போனாள்.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் அவள் வாசல் வழியாக வந்து இங்கிலீஷில் எல்லாம் சொன்னாள். அவர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். மூன்று நாள் குளிர்ச்சிதான். சூடு கூடாது, எண்ணெய் கூடாது, உருவக் கூடாது. கட்டை அவிழ்த்து, துணிக்குமேல் ஐஸ் வைத்து, மறுபடி கட்ட வேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, தோல் வெந்துவிடும்.

"கால் மணின்னு எப்படிப் பாக்கறது? உன் கடியாரம் உன்னோட ஆபீஸுக்குப் போயிடறதே" என்றார் மாமியார். பிறகு அவரே, "நான் கார்த்தாலே சொல்ற சுலோகம் அவ்வளவு நாழிதான் ஆகும். அதைச் சொல்லிண்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில் என் கணவர் ஆபீஸுக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லியனுப்பிவிட்டு, சியால்தா பக்கம் போய் ஐஸ் வாங்கிவந்தார். கோணிக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ். கூடத்தில் பித்தளை அண்டாவில் அதைக் கழுவி வைத்ததும் நான் படுத்த இடத்திலிருந்தே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். உள்ளே நூல் நூலாக வெள்ளைக் கோடுகள். மேலே புகை. வெளியே சித்திரை வெயில் தெருவைப் பொசுக்கிக்கொண்டிருந்தது, இங்கே தண்ணீர் கல்லாக உட்கார்ந்து புகைந்தது.

மாமியார் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். "எந்த ஜலத்துலேடா பண்றா? யார் யார் கை பட்டதோ?"

"குடிக்கவா போறோம், அம்மா? காலுக்குத்தானே?"

"அது என்னமோ வாஸ்தவம்" என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை வெடுக்கென்று எடுத்தார். மறுபடி தொட்டார். அன்று மட்டும் பத்துத் தடவையாவது தொட்டிருப்பார். தொட்ட தீட்டுக்கு அவர் குளிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

மூன்றாம் நாள்தான் வினை வந்தது. காலையில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. நர்ஸுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. ஐஸும் கரைந்து தீர்ந்துவிட்டது. என் முனகலைக் கேட்டுக்கொண்டே இருந்த மாமியாருக்குப் பொறுக்கவில்லை. புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டில் பத்துப் போட்டார். அதன்மேல் துணியை இறுக்கிச் சுற்றினார். போட்டவுடன் இதமாகத்தான் இருந்தது. "சொன்னேனோல்லியோ?" என்றார்.

ஒரு மணி நேரத்துக்குள் கால் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பிற்பகலுக்குள் பாதம் மரக்கட்டை மாதிரி பருத்துவிட்டது. விரல்கள் வெளிறிப் போயின. மாமியார் துணியை அவசர அவசரமாக அவிழ்த்தார். வேலை முடிந்து வந்த நர்ஸை மாடியிலிருந்து கையைத் தட்டி அழைத்தவர் அவர்தான். கையால் வா வா என்று காட்டினார். தாமே ஒதுங்கி வழிவிட்டுக் கூடத்துக்குள் அழைத்துவந்தார்.

நர்ஸ் பத்தைக் கழுவினாள். குளிர்ந்த தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துப் போட்டாள். என் காலைச் சுவரோரமாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என் கணவர் வந்ததும், அவர் அம்மாவிடம் சொல்லச் சொல்லி அவள் சொன்னது இதுதான்: "உங்கள் வைத்தியம் தப்பில்லை, நாள்தான் தப்பு. உள்ளே கிழிந்த இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருக்கிறது. சூடு பட்டால் கசிவு கூடும். அது நின்றபிறகு சூடுதான் மருந்து. அப்போது நானே வந்து உங்களைக் கேட்பேன்."

மாமியாரின் பார்வை நர்ஸின் காலில் நின்றது. "அவ காலுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். நர்ஸ் பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கணு கோணலாக, ஒரு பக்கம் முண்டாக இருந்தது. என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவள் சாதாரணமாகச் சொன்னாள். பன்னிரண்டு வயதில், புக்ககத்தில், குளத்துப் படியில் குடத்தோடு விழுந்தாளாம். அன்றே யாரோ இழுத்து உருவிவிட்டார்கள். மறுநாளே தண்ணீர் தூக்கப் போகச் சொன்னார்கள். ஒரு நாள்கூடக் காலை நீட்டி உட்காரவில்லை. அடுத்த வருஷம் கணவன் போய்விட்டான்.

அந்தக் காலோடுதான் அவள் சுவரைத் தாண்டி வந்தாள், என்னைச் சுமந்து இருபது படி இறங்கினாள். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஒரு வாரத்தில் வீக்கம் பாதிக்குமேல் வடிந்தது. கணுவைச் சுற்றி நிறங்கள் மாறின. முதலில் நாவல்பழக் கறுப்பு, பிறகு பச்சை, பிறகு ஓரங்களில் மஞ்சள். கறுப்பு மெல்ல விரல்களை நோக்கி இறங்கியது. ஒரு நாள் சாயங்காலம் நர்ஸ் வந்து அங்கே புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு நேரே சமையலறை வாசலுக்குப் போய் நின்று, மாமியாரைப் பார்த்து, "மா, கரம்" என்றாள். சூடு என்று மாமியாருக்கு விளங்கிவிட்டது.

அன்று என் மாமியாரின் கைகளை நான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டு, அது படபடவென்று பொரியும் சத்தம் அடங்குகிறவரை வறுத்தார். இரட்டைத் துணியில் கொட்டி மூட்டை கட்டினார். முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்தார். முதலில் ஒற்றி எடுத்தார், ஒற்றி எடுத்தார். சூடு ஆற ஆற மூட்டை நின்று நின்று நகர்ந்தது. கடைசியில் கணுவைச் சுற்றி அப்படியே அணைத்துக்கொண்டது. இரண்டாவது மூட்டை சட்டிமேல் தயாராக இருந்தது. பலகை மாதிரி விறைத்திருந்த கால் அவர் கையில் இளகியது. நர்ஸ் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். மூட்டையைத் தன் கையில் வாங்கி எடை பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வெந்நீரில் நனைத்த கம்பளித் துணிதான் போடுவார்களாம். அது சீக்கிரம் ஆறிவிடும், தோலையும் ஊறவைத்துவிடும். "இது எவ்வளவு நல்லதாக இருக்கிறது!" என்று வங்காளத்தில் சொன்னாள். இதை நானே மாமியாருக்குச் சொன்னேன்.

"எங்காத்துலே பிரசவத்துக்கெல்லாம் இதான்" என்றார் மாமியார், பெருமையை மறைக்காமல்.

அதன்பிறகு இரண்டு வாளிகள் வந்தன, ஒன்றில் வெந்நீர், ஒன்றில் கிணற்று நீர். காலை இதில் கொஞ்ச நேரம், அதில் கொஞ்ச நேரம் மாற்றி மாற்றி வைத்தோம். வெந்நீரிலிருந்து குளிருக்குப் போகும்போது காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல் ரத்தம் ஓடுவதை என்னால் உணர முடிந்தது. என் உடம்பில் இத்தனை வேலை நடக்கிறது என்று அதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நான் அவளைத் தீதி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். மாமியாருக்கு அது காதுக்கு ஆகவில்லை. "வெள்ளியும் செவ்வாயுமாத் திதி திதின்னு கத்தாதேடி, யாருக்குத் திதி? அக்கான்னு கூப்பிடேன்." நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது தீதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் அக்கா ஆகிவிட்டாள்.

காலை அசைக்கும் பயிற்சி தொடங்கியபோது மறுபடி ஒரு தகராறு. காலைத் தொங்கவிட்டு, பெருவிரலால் காற்றில் எழுத்துகளை எழுத வேண்டும் என்றாள் அக்கா. கணுவுக்கு எல்லாத் திசையிலும் வேலை கிடைக்கும். மாமியார் பதறிவிட்டார்.

"எழுத்தைக் காலாலே எழுதறதாவது! சரஸ்வதிடி அது. கூடவே கூடாது."

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்தேன். அதற்குள் மாமியாரே தரையில் குந்தி, விரலால் புள்ளி வைத்து ஒரு சிக்குக்கோலத்தை இழுத்துக் காட்டினார். "இந்த மாதிரி சுத்திச் சுத்திப் போடட்டுமே. வளையும், நெளியும், எல்லாம் உண்டு." அக்கா அந்தக் கோட்டைத் தன் விரலால் ஒருமுறை தொடர்ந்து போய்ப் பார்த்தாள். எழுத்தைவிட இது உசத்தி என்றாள். நான் நாள்தோறும் காற்றில் கோலம் போட்டேன். முதல் நாள் ஒரு வளைவுக்கே வியர்த்தது. இரண்டு வாரத்தில் நாலு புள்ளிக் கோலம் வந்தது.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஈரக்காற்று அடித்தாலே அக்காவின் பழைய கணு குடையும். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தவள், என் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்தாள். மாமியார் எனக்காக வறுத்த உப்பு மூட்டையோடு வந்துகொண்டிருந்தார். மாலைக் குளியல் முடிந்து மடியாக இருந்தார். அந்த நேரத்தில் என்னைக்கூடத் தொடாமல் மூட்டையை மட்டும்தான் ஒற்றுவார்.

"உக்காரு" என்றார் அவளிடம், தமிழில்.

அவள் உட்கார்ந்தாள். மாமியார் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய வளைந்த பாதத்தை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா திடுக்கிட்டுக் காலை இழுக்கப் பார்த்தாள். பெரியவர் மடியில் காலா என்று அவளுக்கும் கூச்சம். மாமியார் விடவில்லை. ஒற்றி எடுத்தார், ஒற்றி எடுத்தார். வாய் தினமும் காலையில் சொல்லும் அந்தச் சுலோகத்தை முணுமுணுத்தது. அக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. அந்தக் கால் பிசகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு யாராவது ஒத்தடம் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

முடிந்ததும் மாமியார் எழுந்துபோய் மறுபடி குளித்தார். அதில் எனக்கு வருத்தமில்லை, அக்காவுக்கும் இல்லை. அவருடைய நியமம் அவருக்கு. மறுநாளும் அதே நேரத்துக்கு உப்பை வறுத்தார், அதே மடியில் அதே காலை வைத்துக்கொண்டார், மறுபடி குளித்தார். அந்த மழைக்காலம் முழுவதும் இது நடந்தது. கோணிய கணு நிமிரவில்லை, நிமிராது என்று அக்காவே சொன்னாள். ஆனால் ஆவணியில் அவள் ஆஸ்பத்திரி மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாளாம். அதை வந்து சொன்னபோது மாமியாருக்குப் புரியவேண்டுமென்று எங்கள் வீட்டு மாடிப்படியிலேயே ஏறிக் காட்டினாள்.

எனக்குக் கடைசிப் பரீட்சை டாக்குரியா போகும் வழியில், ரயில் பாதைக்கு அருகில் நடந்தது. அதற்குள் கட்டை அவிழ்த்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தேன். கூடம், வாசல், தெருமுனை என்று தூரம் கூடிக்கொண்டே வந்து, அன்று அக்காவோடு அவ்வளவு தூரம் போயிருந்தேன். இருபுறமும் குட்டையில் மழைத்தண்ணீர் நிரம்பி நின்றது. பாதையோரத்தில் ஒரு சமமான இடத்தில் என்னை நிறுத்தினாள்.

"பௌமா, வலது காலில் மட்டும் நில். கண்ணை மூடிக்கொள்."

பௌமா என்றால் மருமகள். என்னை எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். கண்ணைத் திறந்துகொண்டு ஒற்றைக் காலில் நிற்பது எளிது என்று அதற்கு முன்னால் பார்த்திருந்தேன். மூடியதும் பூமி ஆடியது. தடுமாறினேன். அவள் தொடவில்லை, பக்கத்தில் நிற்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. மறுபடி நின்றேன். கணுவுக்குள் சின்னச் சின்ன நரம்புகள் இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று இழுத்து என்னைச் சரிசெய்துகொண்டே இருந்தன. நான் ஒன்றும் செய்யவில்லை. கிழிந்து, வீங்கி, கறுத்துப்போன அந்தக் கால் தானாகவே அந்த வேலையைச் செய்தது.

தூரத்தில் ரயில் ஊதியது. தரை அதிர ஆரம்பித்தது. கண்ணைத் திறக்கலாமா என்று கேட்டேன். "இல்லை, இரு" என்றாள். சரக்கு ரயில், நீளமானது. பெட்டி பெட்டியாகக் கடந்து போயிற்று. காற்று புடவையைப் பறித்தது. நான் விழவில்லை. கடைசிப் பெட்டியின் சத்தம் தேய்ந்து தவளைச் சத்தம் மறுபடி கேட்கிறவரை ஒற்றைக் காலில் நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் கணுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேருடைய கால்களை அவள் பார்த்திருப்பாள். ஆனாலும் அவள் முகத்தில் அன்று இருந்த ஆச்சரியம் என்னுடையதற்குக் குறைந்ததில்லை.

"வீட்டுக்குப் போகலாம்" என்றாள். "வேகமாக நட. நான் பின்னாலேயே வருகிறேன்."